மறதி நோயும் மறவாத கைகளும்

முதுமை இயற்கை, ஆனால் அறிவை மழுங்கச் செய்யும் மறதி நோய் முதுமையின் இயல்பன்று. 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த மூளை நோயே அதற்கு முதன்மையான காரணமாகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர் இதற்கு ஆட்பட்டுள்ளனர் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

பெயரும் நாளும் மறப்பதை நாம் காண்கிறோம். உடலின் இயக்கம் தேய்வதை ஏனோ கவனிப்பதில்லை. "அப்பா விழுந்துவிடுவார்" என்றஞ்சிக் கட்டிலிலேயே இருத்திவிடுகிறோம். அன்பினால் செய்யும் இச்செயலே தீங்காக முடிகிறது. படுக்கையிலேயே கிடப்பவரின் தசைகள் சில நாள்களிலேயே மெலியத் தொடங்கும், மூட்டுகள் இறுகும், புண்கள் தோன்றும்.

நம் மாவட்டத்தில் இதன் விளைவு இன்னும் கொடியது. படுத்த படுக்கையான முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் 'தலைக்கூத்தல்' விருதுநகர் வட்டாரத்தில் நிகழ்வது 2010-இல் நாடறியச் செய்தியாயிற்று. எனவே முதியவரை நடமாட வைப்பது அவர் உயிரைக் காப்பதுமாகும்.

நினைவு ஒரே வகையினதன்று. நேற்று நடந்ததைப் பற்றிய நினைவு முதலில் சிதையும். கைப்பழக்கமாய்ப் படிந்த நினைவோ நெடுநாள் நிற்கும். சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீப்பெட்டி ஒட்டியே காலங்கழித்த மூதாட்டிக்கு மகளின் பெயர் மறந்திருக்கலாம். வெற்று அட்டையைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமே மடிக்கக்கூடும். பூத்தொடுத்தலும் கீரை ஆய்தலும் இத்தகையனவே. மருந்தும் வெடிபொருளும் மட்டும் அருகில் இருத்தல் ஆகாது.

கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியிலிருந்து நாளும் சிலமுறை எழுந்து அமரச் செய்யலாம். வெயில் ஏறுமுன் உடன் நடக்கலாம். ஒரு வேளைக்கு ஒரு சொல்லாக, "எழுங்கள்" எனக் கூறி, நாமே செய்துகாட்ட வேண்டும். கையைப் பற்றி இழுத்தல் கூடாது. மறுத்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் அழைக்கலாம். நேரமானாலும் தம் கையால் உண்ண விடவேண்டும். இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரியட்டும். நடை திடீரெனத் தளர்ந்தால் அதை நோயின் போக்கென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். காய்ச்சலோ வலியோ மருந்தோ காரணமாகலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வருகிறது.

இப்பயிற்சி நோயைத் தீர்க்காது. பிறர் கையை எதிர்பார்த்துக் கிடக்கும் நாளைத் தள்ளிப்போட உதவும். மாணவ மணிகளே! இன்று மாலை உங்கள் இல்லத்து முதியவரைக் கைத்தாங்கலாய்த் தெருமுனை வரை அழைத்துச் செல்லுங்கள். நம்மை நடை பழக்கிய கால்கள் அவை.