அப்பாவே பிஷப்பாக இருந்தால்: மார்மன் வீட்டுப் பிள்ளைகள் பற்றி ஒரு குறிப்பு

மார்மன் சபை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பலதார மணம். இல்லையென்றால் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக ஜோடி ஜோடியாக வரும் இளைஞர்கள். என் ஆர்வம் வேறு. மென்பொருள் வேலை என்பதால், எந்த அமைப்பைப் பார்த்தாலும் "இங்கே யாருக்கு என்ன அனுமதி, அதை யார் கொடுக்கிறார்?" என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடினால், இந்தச் சபையில் தலைவர்களைவிட அவர்களுடைய பிள்ளைகள்தான் சிக்கலான இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரிகிறது.

முதலில் அமைப்பு. ஜோசப் ஸ்மித் 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய சபை இது. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டி. ஊர் மட்டத்தில் இருக்கும் சபைக்கு வார்டு என்று பெயர், அதன் தலைவர் பிஷப். பல வார்டுகள் சேர்ந்தால் ஒரு ஸ்டேக்.

கத்தோலிக்க பிஷப்பை நினைத்துக்கொண்டால் இங்கே குழப்பம்தான் வரும். மார்மன் பிஷப் இறையியல் கல்லூரியில் படித்தவர் இல்லை. சம்பளமும் கிடையாது. பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருக்கும் ஒரு குடும்பஸ்தரைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுப்பார்கள். வார்டு மக்கள் கையை உயர்த்தி ஆதரவு தெரிவிப்பார்கள். சுமார் ஐந்து வருஷம் கழித்து விடுவித்துவிடுவார்கள். அதுவரை மேடையில் இருந்தவர் மறுபடி குடும்பத்தோடு பெஞ்சில் உட்காருவார். மேல்மட்டத்தில் முழுநேரமாக இருப்பவர்களுக்கு மட்டும் வாழ்க்கைச் செலவுக்குத் தொகை உண்டு.

இது பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? அப்பா பகலில் ஆபீஸ் போவார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சபைக்குப் போய்விடும். ஆராதனை நேரத்தில் அவர் முன்னால் மேடையில் இருப்பார், அம்மா தனியாகப் பிள்ளைகளைச் சமாளிப்பார். ராத்திரி போன் வந்தால் கிளம்பிவிடுவார். யார் வீட்டில் என்ன பிரச்சினை என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. மிஷன் தலைவர் என்றால் இன்னும் ஒரு படி மேலே: மூன்று வருஷத்துக்கு மனைவி, சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அவரோடு வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ இடம் மாற வேண்டும்.

நேரம் கிடைக்காமல் போவது அரசியல்வாதி வீட்டிலும் டாக்டர் வீட்டிலும் நடப்பதுதான். மார்மன் வீட்டில் கூடுதலாக ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதை ஒட்டி ஒவ்வொரு பிள்ளையையும் பிஷப் (அல்லது அவருடைய ஆலோசகர்) தனியாகப் பேட்டி காண்பார். நம்பிக்கை இருக்கிறதா, ஒழுக்க விதிகளைக் கடைப்பிடிக்கிறாயா, காபி, டீ, மது, புகையிலை இல்லாமல் இருக்கிறாயா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம் கொடுக்கிறாயா என்ற வகைக் கேள்விகள். பதில் திருப்தியாக இருந்தால்தான் கோயிலுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு. 2018-லிருந்து பிள்ளை விரும்பினால் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட இருக்கலாம் என்று விதி வந்தது. ஆனா பிஷப்பே அப்பாவாக இருந்தால்? கேள்வி கேட்பவரும் அவர்தான், ராத்திரி சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காருபவரும் அவர்தான்.

அந்தச் சீட்டை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கோயிலில் நடக்கும் கல்யாணத்தை அதற்குத் தகுதி பெற்று, சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டுமே பார்க்க முடியும். நம்பிக்கை போய்விட்ட மகள் சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குப் போனாலும் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த அமைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மார்மன் வீடுகளில் அப்பா பிள்ளையின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். காய்ச்சல் வந்தாலும் சரி, பள்ளிக்கூடம் திறக்கும் நாளானாலும் சரி. சபையின் குருத்துவம் வீட்டுக்குள் வரும் விதம் இது. அங்கே வளர்ந்தவருக்குப் பாசமும் மதமும் ஒரே கையால் வந்தவை.

இதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் ஃபான் ப்ரோடி. 1915-ல் யூட்டாவின் ஆக்டனில் பிறந்து, ஹண்ட்ஸ்வில் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பா தாமஸ் மெக்கே, சபையில் பல பொறுப்புகள் வகித்து 1941-ல் பன்னிரு அப்போஸ்தலர் குழுவின் உதவியாளர்களில் ஒருவரானார். பெரியப்பா டேவிட் மெக்கே அப்போதே உச்சத் தலைமையில் இருந்தார். அம்மாவின் அப்பா பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். இதற்குமேல் சபைக்கு நெருக்கமாக ஒரு பெண் பிறக்க முடியாது.

சிகாகோவில் மேற்படிப்பு முடித்த ப்ரோடி, பல வருஷம் ஆவணங்களைத் தேடிப் படித்து 1945-ல் ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஸ்மித் திறமைசாலி, கற்பனைவளம் மிக்கவர், ஆனால் மார்மன் புத்தகம் அவருடைய சொந்தப் படைப்பு என்பது அதன் சாரம். 1946-ல் சபை அவரை நீக்கியது. விசாரணைக்கு அவர் போகவில்லை. 1951-ல் பெரியப்பா சபையின் தலைவரே ஆனார், தம்பி பெண் சபைக்கு வெளியே இருந்தார்.

அவர் எழுதியது எல்லாம் சரியா? இல்லை. ஸ்மித்துக்கு மனைவியர் 48 பேர் என்று பட்டியல் போட்டார். சபையே 2014-ல் வெளியிட்ட கட்டுரை 30 முதல் 40 என்ற மதிப்பீட்டைச் சொல்கிறது. ஸ்மித்தின் மகனாக இருக்கலாம் என்று அவர் சொன்ன ஆலிவர் பியூயல் ஸ்மித்தின் மகன் இல்லை என்று பின்னாளில் டிஎன்ஏ சோதனை காட்டியது. எண்ணிக்கையில் பிசகினாலும் மையமான விஷயத்தில், அதாவது ஸ்மித் பல பெண்களை மணந்திருந்தார் என்பதில், சபையின் கட்டுரையும் அவர் பக்கம்தான் நிற்கிறது.

என்னை யோசிக்க வைத்தது அவருடைய கடைசி நாட்கள். 1980-களின் தொடக்கத்தில் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் இருந்தபோது, சபையில் தீவிரமாக இருந்த சகோதரர் பார்க்க வந்தார். அவரிடம் ப்ரோடி ஆசீர்வாதம் கேட்டார். அவரும் செய்தார். சில நாட்களில் ப்ரோடி ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: ஆசீர்வாதம் கேட்டதை, சபையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதாக யாரும் திரித்துச் சொல்லக் கூடாது. 1981 ஜனவரியில் இறந்தார்.

இதை முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவையும் சபையையும் பிரிக்க முடியாத வீட்டில் வளர்ந்த ஒருவர், முப்பத்தைந்து வருஷம் கழித்து இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். தலையில் ஒரு கை வேண்டும். உறுப்பினர் அட்டை வேண்டாம்.