லே நகரில் விமானம் மேலெழுவது எவ்வாறு?

பல டன் எடையுள்ள விமானத்தை வானில் தாங்கி நிற்பது காற்றே. சற்றுச் சாய்ந்த நிலையில் விரையும் இறக்கை, தன்னைச் சூழ்ந்த காற்றோட்டத்தைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்தும் அடிப்புறத்தில் மிகுந்தும் இருப்பது இதே நிகழ்ச்சியின் மற்றொரு தோற்றமாகும். மேற்புறக் காற்றும் அடிப்புறக் காற்றும் ஒரே நேரத்தில் பின்விளிம்பை அடைகின்றன என்று சிலர் விளக்குவர். அது சரியன்று, மேற்புறக் காற்று முந்திவிடுகிறது.

இந்தத் தூக்கு விசை இறக்கையின் பரப்பு, வடிவம், சாய்கோணம், வேகம், காற்றின் அடர்த்தி ஆகியவற்றைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அடர்த்தி குறைந்தால் விசையும் அதே விகிதத்தில் குறையும். சாய்கோணத்தை விருப்பம்போல் கூட்டவும் இயலாது. ஓர் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகி, விசை சரிந்துவிடும்.

இந்த உண்மையின் முழுப் பொருளையும் லடாக்கில் காணலாம். 1948 மே மாதத்தில் மேஹர் சிங் டகோட்டா விமானத்தை லேயில் முதன்முதலாக இறக்கினார். அந்நகரின் விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,250 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 72 சதவீதமே. ஆகவே, அதே எடையுடன் மேலெழ ஏறத்தாழ 18 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. எஞ்சினுக்குள் புகும் காற்றும் குறைவதால் உந்து விசையும் தளர்கிறது. எனவே ஓடுபாதையில் நெடுந்தொலைவு ஓடவேண்டியுள்ளது.

வெப்பம் ஏறினால் காற்று மேலும் விரிந்து மெலிகிறது. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை எட்டும் கோடை நாளில், லேயின் காற்று சுமார் 4,300 மீட்டர் உயரத்துக் காற்றைப் போன்றதாகிவிடும். இதனாலேயே அங்குப் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையில் இயங்குகின்றன, சுமையும் குறைக்கப்படுகிறது. 2024 ஜூலை இறுதியில் கடும் வெப்பத்தால் சில விமானங்கள் ரத்தாயின.

குளிர்காலத்தில் பனி மலைச்சாலைகளை அடைக்கும்போது, நோயாளிக்கும் மாணவனுக்கும் வானமே வழி. மலைநாட்டு விமான நிலையங்களைத் திட்டமிடுவோர் ஓடுபாதையின் நீளத்தோடு, மாறிவரும் வெப்பநிலையையும் கணக்கில் கொள்வது இன்றியமையாததாகும்.