கூடைப்பந்து வீரர்கள் காட்டித்தந்த வைரஸ்

2020 மார்ச் 11. ஓக்லஹோமா சிட்டி அரங்கில் ரசிகர்கள் நிறைந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் இரு அணி வீரர்களையும் உள்ளே போகச் சொன்னார்கள். யூட்டா ஜாஸ் வீரர் ரூடி கோபேருக்குக் கோவிட் உறுதியாகியிருந்தது. அன்றிரவே அமெரிக்காவின் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ நிறுத்தப்பட்டது.

ஜூலை 30 அன்று அது மறுபடி தொடங்கிய இடம், ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டு வளாகம். ஃப்ளோரிடாவில் தொற்று உச்சத்தில் இருந்த மாதம் அது. 22 அணிகள் வந்தன. அக்டோபர் 11 அன்று லேக்கர்ஸ் அணி கோப்பையை வென்றபோது, தனிமைக்காலம் முடித்து வளாகத்துக்குள் இருந்த வீரர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வந்திருக்கவில்லை.

இந்த வளாக ஏற்பாட்டை 'பபிள்', அதாவது குமிழி, என்றார்கள். அதைக் கேட்டதும் காற்றுப் புகாத கோட்டை என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் டிஸ்னி ஊழியர்கள் பலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தவர்கள். முகக்கவசமும் இடைவெளியும் கட்டாயம். டேபிள் டென்னிஸில் இரட்டையர் ஆட்டம்கூடக் கிடையாது. சீட்டாடினால் ஆட்டம் முடிந்ததும் சீட்டுக்கட்டே குப்பைக்குப் போகும். இதெல்லாம் உதவியது. ஆனால் பாதுகாப்பின் உயிர்நாடி, நன்றாக இருக்கும் வீரருக்கும் தினமும் எடுத்த சோதனை என்றே நான் நினைக்கிறேன்.

அது ஏன் என்பது அந்தச் சோதனையைச் செய்யும் பிசிஆர் எந்திரம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. மாதிரியில் உள்ள வைரஸின் மரபுப்பொருளை அது சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. நிறைய வைரஸ் இருந்தால் குறைந்த சுற்றுகளிலேயே அடையாளம் தெரியும். குறைவாக இருந்தால் இன்னும் பல சுற்றுகள் வேண்டும். ஆகவே அந்தச் சுற்றுகளின் எண்ணிக்கையே மாதிரியில் ஏறக்குறைய எவ்வளவு வைரஸ் என்பதையும் சொல்லிவிடும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் காய்ச்சலும் இருமலும் வந்த பிறகுதான் வருகிறார். அதற்குள் வைரஸ் ஏறி முடித்திருக்கும். மருத்துவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இறங்குமுகம்தான். என்பிஏ சோதித்த வீரர்களும் ஊழியர்களுமோ ஒன்றுமில்லாத நாளிலும் மூக்கைக் காட்டியவர்கள். தனிமைக்காலம் முடியும் முன்பே தொற்று தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதனால் ஹார்வர்டின் ஸ்டீபன் கிஸ்லர், யோனதான் கிராட் குழுவினருக்கு ஏறுமுகமும் கிடைத்தது. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் நீண்ட சரிவு: இப்படியொரு மலை. உச்சியைத் தொட ஏறத்தாழ 3 நாள். இறங்க ஒரு வாரம், அதற்கு மேலும். வாரம் ஒருமுறை மட்டும் சோதித்தால் அந்த 3 நாள் ஏற்றம் முழுவதும் கண்ணில் படாமலே போகலாம். பரவும் ஆபத்து வேகமாகக் கூடுவதும் அந்த நாள்களில்தான்.

தினசரிச் சோதனைக்கு எல்லோராலும் செலவழிக்க முடியாது. அந்தச் செலவைக் குறைக்க யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'சலைவாடைரக்ட்' எச்சில் சோதனைக்கு என்பிஏவும் வீரர் சங்கமும் பணம் கொடுத்தன. மரபுப்பொருளைத் தனியே பிரித்தெடுக்கும் படியே அதில் இல்லை. மூக்குக் குச்சியும் தேவையில்லை. ஆகஸ்ட் 15 அன்று அதற்கு அவசர அனுமதி கிடைத்தது. மற்ற ஆய்வகங்களும் பயன்படுத்தும்படி செய்முறையை வெளிப்படையாகவே கொடுத்தார்கள். விளையாட்டுக்காகப் போட்ட பணம் இதைவிட நல்ல இடத்துக்குப் போயிருக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குணமான சிலருக்கு மறுபடி மறுபடி 'பாசிட்டிவ்' வந்தது. வளாகத்தில் சோதிக்கப்பட்ட 3,648 பேரில் இவர்கள் 36 பேர். எந்திரத்துக்கு உயிருள்ள வைரஸும் அதன் சிதைந்த துணுக்கும் ஒன்றுதான். இரண்டையும் அது எண்ணிவிடும். மருத்துவர்கள் இவர்களைத் தனிமையில் அடைக்காமல் மற்றவர்களோடு பழகவும் பணிபுரியவும் விட்டு, தொடர்ந்து கண்காணித்தார்கள். இவர்களிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவவில்லை.