பிராசஸர் மாறும்போது கெர்னலுக்கு என்ன ஆகிறது?

விஜய் பட்கர் தலைமையில் புணேயின் சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 சூப்பர் கணினியை வெளியிட்டபோது எல்லோரும் கேட்டது அதன் வேகத்தைத்தான். இன்றும் பரம் வரிசையின் வரலாற்றை வேகக் கணக்காகவே எழுதுகிறோம். அந்தப் பெட்டிகளுக்குள் பிராசஸர் அடிக்கடி மாறியது; மாறியபோதெல்லாம் அடித்தள மென்பொருளைப் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சாதாரண மென்பொருளை வேறு பிராசஸருக்கு ஏற்றபடி கம்பைலர் பெரும்பாலும் மாற்றித் தந்துவிடும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அந்தச் சலுகை முழுதாகக் கிடையாது. ஓடும் வேலையை நடுவில் நிறுத்தி இன்னொன்றை ஓடவிடவும், நினைவகத்தைப் பங்கிட்டுக் காவல் காக்கவும் அது பிராசஸரின் உள்ளமைப்பையே தொட்டாக வேண்டும்.

பரம் 8000-இல் இருந்தது பிரிட்டனின் இன்மோஸ் தயாரித்த டிரான்ஸ்பியூட்டர், டி800. வேலைகளை வரிசையில் நிறுத்தி மாறி மாறி ஓட்டும் பொறுப்பை அந்தச் சில்லே ஏற்றுக்கொண்டது. தோதான இடம் பார்த்து வேலையை மாற்றியதால் சேமித்துவைக்க வேண்டியதும் பெரும்பாலும் கொஞ்சம்தான். ஆனால் ஒரு நிரலின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்காமல் தடுக்கும் அமைப்பு அதில் இல்லை. யூனிக்ஸ் வகைக் கெர்னல்கள் நம்பியிருப்பதே அந்தத் தடுப்பைத்தான்.

அடுத்த பரம் 8600-இல் இன்டெலின் ஐ860 சேர்ந்தது. தசமக் கணக்குகளில் அசுர வேகம். ஆனால் கணக்குகளைப் படிப்படியாக நகர்த்தும் அதன் பைப்லைனில் பாதி முடிந்தவை கிடக்கும். இடையில் குறுக்கீடு வந்தால் அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தி, பிறகு அதே நிலையில் திருப்பி வைக்கும் வேலை கெர்னலின் தலையில் விழுந்தது. மோசமான தருணத்தில் இதற்கே ஏறத்தாழ 2,000 பிராசஸர் சுழற்சிகள் ஆகும். டிரான்ஸ்பியூட்டர் தானே பார்த்துக்கொண்ட காரியம் இது! மைக்ரோசாஃப்ட்டும் விண்டோஸ் என்.டி.யை முதலில் ஐ860-க்காகவே எழுதத் தொடங்கி, பிறகு அதை விட்டுவிட்டது.

பின்னர் பரம் வரிசையில் ஸ்பார்க் பிராசஸர் வந்தது, ஜியான் வந்தது. 2013-இல் புணேயில் நிறுவப்பட்ட பரம் யுவா 2-இல் ஜியானோடு ஜியான் ஃபை என்னும் துணைப் பிராசஸர் அட்டையும் இருந்தது. இரண்டும் இன்டெல், இரண்டும் எக்ஸ்86 வழி. இருந்தும் ஜியானுக்காகத் தொகுத்த நிரல் அட்டையில் ஓடாது. ஜியானின் எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் கட்டளைகள் அட்டைக்குத் தெரியாது. அதன் 512 பிட் கட்டளைகள் தனி. அதனால் அட்டைக்குள் அதற்கென்றே தொகுத்த ஒரு லினக்ஸ், வெளியே ஜியானில் இன்னொரு லினக்ஸ். 2020-இல் லினக்ஸ் 5.10 இந்த அட்டைகளுக்கான டிரைவர்களை நீக்கிவிட்டது. இனி இவற்றை ஓட்ட விரும்பும் ஆய்வகம் பழைய கெர்னலைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.