சின்னப்பம்பட்டியிலிருந்து காபா வரை



ஏற்காடு மலை இருக்கிற சேலம் மாவட்டத்தில், அந்த மலைக்கு மேற்கே சமவெளியில் இருக்கிற ஊர் சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி. அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டிருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைதான் வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜன். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில்தான். மட்டையாளரின் காலடியில் போய் விழும் யார்க்கர் கைவந்தது அங்கேதான்.

2015-இல் தமிழ்நாட்டு அணிக்காக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகம். ஆனால் பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளம்பியது. சோர்ந்துவிடாமல் முறையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2017-இல் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020-இல் ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது இந்திய அணியின் வலைப்பயிற்சியில் பந்துவீச. ஆனால் அணியிலேயே ஆடும் வாய்ப்பு வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி. 4-ஆம் தேதி முதல் டி20. 2021 ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேன் காபா மைதானத்தில் முதல் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் இவர்.

  

2023-இல் நடராஜன் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். ஊர்ப் பிள்ளைகள் இப்போது அங்கே பந்து வீசுகிறார்கள்.