வீடும் விலையும் – 7: பக்கத்து வீடு கைகொடுக்காதபோது

சேலம் அடிவாரத்தில் ஒரு வீட்டுக்கு விலை சொல்வது பெரிய வித்தை இல்லை. அதே தெருவில் அண்மையில் பதிவான நாலு கிரயப் பத்திரங்களைப் பார்த்து, சாலை அகலத்துக்கும் மூலை மனைக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் சதுர அடி விலை வந்துவிடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் இந்தக் கணக்கு உதவாது.

ஏற்காட்டின் 'கிரேஞ்ச்' மாளிகையை எடுத்துக்கொள்வோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கட்டியது. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவரும் அவரே. பார்வைக்குக் கோட்டைதான். 1857 கிளர்ச்சியின்போது மதில் எழுப்பிப் பீரங்கி ஏற்றினார்கள், நிலவறையில் ஆறு மாதத்துக்கான உணவைச் சேர்த்துவைத்தார்கள் என்று ஊர் வரலாறு சொல்கிறது. இதை எந்தக் காட்டேஜோடு ஒப்பிடுவது?

ஒப்பிட இணை கிடைக்காதபோது மதிப்பீட்டாளர் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக்கொள்வார். அதே கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவில் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார். ஆயுள் 60 ஆண்டு, எஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால், 40 வயது வீட்டுக்கு 60 சதவீதம் போய்விடும். 200 வயதை நெருங்கும் வீட்டுக்கு மிஞ்சுவது அந்த 10 சதவீதம் மட்டுமே! ஆளுயரச் சன்னல்களும் சுண்ணாம்புக் காரைச் சுவர்களும் உறுதியாக நிற்கும்போதே காகிதத்தில் இடிபாடாகிவிடுகின்றன. வாங்குபவர் வெறும் நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு, முதல் வேலையாகக் கடப்பாரையைத் தேடுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

அரசின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும்தான் விலை சொல்லும். வீட்டின் அருமை அதற்குத் தெரியாது. முத்திரைக் கட்டணம் வசூலிக்க எழுதிய அத்தகைய பதிவேட்டை வைத்து மட்டுமே நிலத்தின் சந்தை மதிப்பைத் தீர்மானிக்க முடியாது என்று 1994-இல் ஆதிலாபாத் நில எடுப்பு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் 'ஐவி காட்டேஜ்' வீட்டில் வாழ்ந்தார். அப்படி ஒருவர் வாழ்ந்த இடம் என்பதை எழுதத் தேய்மானக் கணக்கில் கட்டமே கிடையாது. ஆனால் அதற்காகவே வந்து தங்குபவர்கள் உண்டு. தங்கினால் அறை வாடகை உண்டு. ஆகவே இத்தகைய வீடுகளுக்கு வருமானத்தை வைத்துப் போடும் கணக்கே நியாயமானது. தோட்டத்தோடு சேர்ந்த பங்களா என்றால் காப்பி, சில்வர் ஓக்கில் படர்ந்த மிளகு ஆகியவற்றின் விளைச்சலும் சேரும். மலைப் பகுதியில் நினைத்தபடி புதிதாகக் கட்ட அனுமதி கிடைக்காது என்பதால், ஏற்கெனவே நிற்கும் கட்டடத்துக்குத் தனி மதிப்பும் உண்டு.

குன்னூர், கொடைக்கானல் பழைய பங்களாக்களின் விற்பனையையும் துணைக்கு அழைக்கலாம். ஊருக்கு ஊர் விலை ஏன் மாறுகிறது என்பதை அறிக்கையில் விளக்க வேண்டும். உரிமையாளர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கூரை மாற்றியது, மின்கம்பி புதுப்பித்தது, சுவருக்குக் காரை பூசியது என ஒவ்வொரு வேலையின் ரசீதையும் எடுத்துவைக்க வேண்டும். அவை கையில் இருந்தால், கட்டிய ஆண்டை விட்டுவிட்டு வீட்டின் இன்றைய நிலைக்கேற்ற வயதைக் கணக்கில் எடுக்கும்படி மதிப்பீட்டாளரிடம் கேட்கலாம்.

(தொடரும்)