தீவைக் காக்கும் சுண்ணாம்புச் சுவர்

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குச் சுண்ணாம்புக்கல் புதிதன்று. சங்ககிரியில் அதை வெட்டியெடுத்துச் சிமெண்டு செய்கிறார்கள். இராமேசுவரம் போய் வந்தவர்கள் வீட்டு அலமாரியிலும் வேறொரு சுண்ணாம்புக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். கிளைகிளையாக, வெள்ளைவெளேரென்று இருக்கும் பவளக்கல்தான் அது. வேதியியல் முறையில் இரண்டும் ஒன்றே, கால்சியம் கார்பனேட். ஆனால், பவளக்கல் ஓர் உயிர் கட்டிய வீடு. அதைப் பெயர்த்தால் என்ன நேரும் என்பதை அறியக் குருசடைத் தீவுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

பாம்பன் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினால் குந்துகால் வரும். 1897-இல் விவேகானந்தர் கரையிறங்கிய இடம் அது. அங்கிருந்து வனத்துறைப் படகில் தீவுக்குச் செல்லலாம். கடல் அமைதியாக இருக்க வேண்டும். விலங்கியலாருக்கு இது பழகிய தீவு. இதன் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இலேயே தனி வெளியீடு கொண்டுவந்தது. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகள் 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாயின. குருசடையும் அவற்றுள் ஒன்று.

தெளிந்த நீரில் குனிந்து பாருங்கள். பாறை போலத் தெரிவது உண்மையில் பல்லாயிரம் சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒவ்வோர் உயிருக்கும் 'பாலிப்' என்று பெயர். அதன் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பாலிப்புக்குப் பங்கு தருகிறது. பாலிப் பாசிக்கு இடம் தருகிறது. அந்த உணவின் வலிமையால் பாலிப் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. உருண்டை வடிவப் பவளம் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

இந்தச் சுவர் எதற்கு என்கிறீர்களா? தீவு என்பது மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்த மேடு. அலைகள் முதலில் பவளப்பாறையில் மோதி வேகம் குறைகின்றன. அதனால்தான் மணல் கரையாமல் நிற்கிறது.

சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்தார்கள். 2005-ஐ ஒட்டித்தான் அது நின்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு 1986-இல் சுமார் 16 எக்டேர் இருந்தது; 2013 வாக்கில் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கியது. பின்னர் அலையைத் தடுக்க அதன் அருகே கான்கிரீட் கட்டுமானங்களை இறக்கினார்கள். விந்தையைப் பாருங்கள்! பாலிப்புகள் கூலியின்றிச் செய்த வேலையைச் செய்ய, மலைச் சுண்ணாம்பைச் சிமெண்டாக்கிக் கடலில் போட வேண்டியதாயிற்று.

எஞ்சிய பவளங்களுக்கும் ஆபத்து நீங்கவில்லை. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாலிப் பாசியை வெளியேற்றிவிடும்; பவளம் வெளுக்கும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும். 2010-இலும் 2016-இலும் இங்கே அப்படி நேர்ந்தது. கடலின் சூட்டை நம்மால் தனியே தணிக்க இயலாது. ஆனால், நம் கையில் உள்ளதும் ஒன்று உண்டு.

தீவில் எதையும் தொடாதீர்கள்; எடுக்காதீர்கள். கடைத்தெருவில் பவளக்கல்லை வாங்காதீர்கள். 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்குப் புலிக்கு நிகரான காவல் தந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, பல ஆண்டு உழைப்பு. அது இருக்க வேண்டிய இடம் நம் அலமாரி அன்று. அலைக்கும் தீவுக்கும் நடுவே.